யாருக்கு எவ்வளவு அவகாசம்?

கேள்வி: எங்கள் ஊராட்சியை மாநகராட்சியோடு இணைக்கப்போவதாக அறிவித்திருக்கிறார்கள். ஆட்சேபணை இருந்தால் எழுதித் தரலாம் என்று சில வாரங்கள் அவகாசமும் கொடுத்திருக்கிறார்கள். மக்களிடம் கேட்டுத்தானே செய்கிறார்கள், பிறகு ஏன் போராட்டம்?
– மாநகரை ஒட்டிய ஊராட்சியிலிருந்து ஒரு வாசகர்

பதில்: அவகாசம் என்கிறீர்கள். சரி, அந்தக் கணக்கையே பார்த்துவிடுவோம். 1688இல் தொடங்கிய சென்னை மாநகராட்சியின் மன்றத்தை 1973இல் கலைத்தார்கள். அடுத்த தேர்தல் 1996இல்தான் நடந்தது. கலைத்த வருஷம் பிறந்த குழந்தை கல்யாண வயதுக்கு வரும்வரை அந்த நகரத்துக்குக் கவுன்சிலர் கிடையாது. 2016 அக்டோபரில் தமிழகம் முழுக்க உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்தது. கிராமங்களில் பெரும்பாலானவற்றுக்கு 2019 டிசம்பரில் தேர்தல், நகரங்களுக்கு 2022 பிப்ரவரியில். இரண்டு கழகங்களின் ஆட்சியிலும் இந்தக் கதைதான். தேர்தல் நடத்த அரசு இத்தனை வருஷம் எடுத்துக்கொள்ளும். ஊராட்சியே போகப்போகிறதே, சம்மதமா என்று சொல்ல உங்களுக்குச் சில வாரம்!

அந்த வாரங்கள் எப்போது வந்தன என்பதையும் பாருங்கள். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவி 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தது. முந்நூறுக்குப் பக்கத்தில் ஊராட்சிகளை நகரங்களோடு இணைக்கும் அறிவிப்பும் அதே ஜனவரித் தொடக்கத்தில்தான் வந்தது. தலைவர் வீட்டுக்குப் போய்விட்டார், நாற்காலியில் தனி அலுவலர். அவர் அரசு ஊழியர். அரசின் முடிவை எதிர்த்து ஊருக்காக அவர் எப்படிப் பேசுவார்? ஊரின் வாயை மூடிவிட்டுக் கருத்துக் கேட்பதை நான் கருத்துக் கேட்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். பத்திரிகை அடித்து ஊரெல்லாம் கொடுத்துவிட்டுப் பெண்ணிடம் சம்மதம் கேட்கிற மாதிரிதான் இது.

என்ன போய்விடும் என்கிறீர்களா? தெருவிளக்கு எரியவில்லை என்றால் தலைவர் இருந்தவரை அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தீர்கள். தண்ணீர் வரவில்லை என்றால் தொட்டி திறந்துவிடுகிறவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள். சென்னையில் ஒரு வார்டுக்குச் சராசரியாக 30,000 பேருக்கு மேல். அந்தக் கவுன்சிலருக்கு உங்கள் தெரு எது என்றே தெரியாது. ஊரக வேலைத் திட்டம் ஊராட்சிகளுக்கு மட்டும்தான், அதுவும் போகும். வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிற கிராம சபையும் போகும். அரசமைப்புச் சட்டம் சாதாரண மனுஷனை நேரடியாக உட்கார வைத்துப் பேசச் சொன்ன ஒரே சபை அது.

பதிலுக்கு என்ன வரும்? 2011இல் 42 உள்ளாட்சிகளை இணைத்துச் சென்னையை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக்கினார்கள். பத்து வருஷம் கழித்தும் அந்தப் பகுதிகளில் பாதாளச் சாக்கடை வேலை முடியவில்லை. வீட்டுவரி எவ்வளவு ஏறும், சாக்கடை எந்த வருஷம் வரும் என்று எழுதி முன்னால் வைத்துவிட்டல்லவா கருத்துக் கேட்க வேண்டும்?

இன்னொன்றும் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. 2004இல் ஐநூறுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகளைச் சிறப்புக் கிராம ஊராட்சிகள் ஆக்கினார்கள், மத்திய அரசின் கிராம நிதி கிடைக்கும் என்பதற்காக. இரண்டே வருஷத்தில் மறுபடி பேரூராட்சி. நீங்கள் கிராமமா, நகரமா என்று அந்த ஊர் ஜனங்களை அப்போது யார் கேட்டார்கள்?

கேட்டாலும் மதிக்க வேண்டுமே. கனடாவில் ஈழத் தமிழர்கள் நிறைய வாழும் ஸ்கார்பரோ ஒருகாலத்தில் தனி நகராட்சி. அதையும் சேர்த்து ஆறு உள்ளாட்சிகளை ஒரே டொராண்டோ ஆக்க ஒண்டாரியோ மாகாண அரசு கிளம்பியபோது, 1997 மார்ச்சில் அந்த நகராட்சிகளே வாக்கெடுப்பு நடத்தின. ஓட்டுப் போட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் வேண்டாம் என்றார்கள். 1998 ஜனவரி 1ஆம் தேதி இணைத்தேவிட்டார்கள். அங்கே ஊர் சொன்னதாவது எண்ணிக்கையாகப் பதிவாகியிருக்கிறது. உங்கள் மனுக்களில் எத்தனை வேண்டாம் என்றன, எதை எந்தக் காரணத்துக்காகத் தள்ளினார்கள் என்று அரசு வெளியிட வேண்டும்.

ஆகவே போராடுங்கள். முதலில் தேர்தல், அப்புறம் இணைப்புப் பேச்சு என்று கேளுங்கள். 2025 ஜனவரி 26 கிராம சபைகளில் பல ஊர்கள் இணைப்பு வேண்டாம் என்று தீர்மானம் போட்டன. உங்கள் ஊரும் போடட்டும். கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் தீர்மானப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். நகலைக் கையில் வாங்காமல் எழுந்திருக்காதீர்கள்.