எந்த மூங்கில்?

அன்புள்ள ஐயா,

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. கணவர் இறந்தபின் கொடைக்கானல் மலையில், பெருமாள்மலைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய வீட்டில் தனியாக இருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் எதிரே பைனும் தைலமரமும் அடர்ந்த காடு. சென்ற வாரம் மூன்று இரவுகள் அந்தச் சரிவு எரிந்தது. முதல் இரவு, மலைக்கு யாரோ விளக்குமாலை சாத்தியதுபோல் இருந்தது. அழகாக இருக்கிறதே என்று நினைத்ததற்கு இன்னமும் கூசுகிறேன். மறுநாள் வாசலில் சாம்பல் விழுந்தது. மூங்கில் உரசித் தீப்பிடித்ததாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஒரு ஹெலிகாப்டர்கூட வரவில்லை. இயற்கையின் சீற்றத்துக்கு முன் மனிதர்கள் எவ்வளவு சிறியவர்கள் என்று புரிந்தது. வீட்டை விற்றுவிட்டுக் கோவைக்கு வந்துவிடச் சொல்கிறாள் மகள். நீங்கள் இந்த மலையில் பிறந்தவர். நான் என்ன செய்யட்டும்?

ச.

*

அன்புள்ள ச.,

உங்கள் கடிதத்தை இரவில் படித்தேன். அதன்பின் தூக்கம் வரவில்லை. தனியாக இருப்பவர் ஜன்னலோரம் உட்கார்ந்து தீயைப் பார்த்துக்கொண்டே விடிய விடிய விழித்திருப்பது சாதாரணம் அல்ல. உங்களுக்குக் காய்ச்சல் வராமல் இருந்ததே பெரிது.

அழகாக இருந்ததற்காகக் கூச வேண்டாம். கண் பார்த்தது, மனம் சொன்னது, அவ்வளவுதான். ஹெலிகாப்டரைப் பற்றியும் நான் பேசப் போவதில்லை. நம் சரிவுகளில் தீயை அணைப்பது பெரும்பாலும் பச்சைக் குழையை ஒடித்துக்கொண்டு ஏறும் மனிதர்கள்தான். இரவில் காற்று அடங்கி, பனி இறங்கி, தீ கொஞ்சம் தணியும்போதுதான் அதன் அருகே போக முடியும். நீங்கள் விழித்திருந்த அந்த இரவுகளில் எதிரே அவர்களும் விழித்திருந்திருப்பார்கள். ஜன்னலிலிருந்து உங்களுக்குத் தெரிந்திருக்காது.

ஆனால் ஒரு சொல்லை என்னால் விட முடியவில்லை. ‘இயற்கையின் சீற்றம்.’ நீங்கள் தமிழாசிரியை. சொல்லின் எடை அறிந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர். நீங்களே இப்படி எழுதலாமா?

பைனும் தைலமும் என்று எழுதிய அதே கடிதத்தில் மூங்கில் உரசியதாகவும் எழுதுகிறீர்கள். அந்தச் சரிவில் மூங்கில் எங்கே இருக்கிறது? ஒருமுறையாவது எட்டிப் பார்த்தீர்களா? சங்கப் பாடல் காலத்திலிருந்து நமக்கு மூங்கில் தீ கைவசம் இருக்கிறது. தீ பிடித்ததும் அதை எடுத்து நீட்டிவிடுகிறோம். மாசி பங்குனியில் இந்த மலையில் மின்னல் வந்தால் பெரும்பாலும் கூடவே மழையும் வரும். மற்றபடி நெருப்பு மனிதன் கையிலிருந்துதான் வருகிறது. பட்டா நிலத்தில் புதரை எரிக்க வைத்தது, மாட்டுக்குப் புதுப்புல் வரட்டும் என்று வைத்தது, சுற்றுலா வந்தவர் சமைத்துவிட்டு அணைக்காமல் போனது, பீடித்துண்டு. இதில் எது சீற்றம்?

கலிபோர்னியாவில் பாரடைஸ் என்று ஒரு மலையூர். 2018 நவம்பர் 8-ஆம் தேதி காலை, பக்கத்துப் பள்ளத்தாக்கில் பிடித்த தீ சில மணி நேரத்தில் அந்த ஊரை அழித்தது. 85 பேர் இறந்தார்கள். 18,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. அதையும் இயற்கைப் பேரிடர் என்று சொல்லி முடித்திருக்கலாம். அங்கே துருவிப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட நூறு வயதான மின்கோபுரம் ஒன்றில், கம்பியைத் தாங்கிய கொக்கி தேய்ந்துபோய் அறுந்திருந்தது. அந்த மின்நிறுவனம் 2020-ல் 84 மரணங்களுக்கான குற்றத்தை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அன்றைக்கு அடித்த காற்று இயற்கைதான். மழை தள்ளிப்போனதும் அப்படித்தான். ஆனால் கொக்கியை மாற்றாமல் விட்டவர்கள் மனிதர்கள்.

சரி, உங்கள் ஜன்னலுக்கு வருவோம். நீங்கள் காடு என்று எழுதியிருப்பது நட்ட தோட்டம். இந்த மலையின் உயரங்களில் முன்பு புல்வெளிதான் இருந்தது. நீரோடும் மடிப்புகளில் மட்டும் சோலை. புல்லைத் தரிசு என்று நினைத்தார்கள். வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கி, சுதந்திரத்துக்குப் பிறகு இன்னும் வேகமாக, தோல் பதனிட வாட்டில் எனப்படும் சீகைமரம், காகிதக் கூழுக்குத் தைலமரம், அப்புறம் பைன் என்று நட்டார்கள். புல்லில் பிடிக்கும் தீ சடசடவென்று ஓடி, சோலையின் ஈர விளிம்பில் நின்றுவிடும். பைன் சருகு மெத்தையில் பிடித்த தீ உள்ளே கிடந்து நாள்கணக்கில் புகையும். தைலமரத்தின் உரிந்த பட்டை எரிந்துகொண்டே பறந்து அடுத்த சரிவில் விழும். சீகை விதைக்குச் சூடு பட்டால் இன்னும் நன்றாக முளைக்கும், அதனால் எரிந்த இடத்தில் முன்னைவிட அடர்த்தியாக வரும். தீக்குச்சியை உரசியவர் ஒருவர் என்றால், விறகை அடுக்கி வைத்தவர்கள் இவர்கள்.

இதை நான் இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. நான் கீழ்மலையில், தாண்டிக்குடிப் பக்கம் வளர்ந்தவன். எனக்குப் பதினொரு வயது. மாசி மாதம், பிற்பகல். என் சித்தப்பா புதிதாகக் காப்பி வைக்க எங்கள் மேட்டு நிலத்தில் வெட்டிப்போட்ட புதருக்குத் தீ வைத்தார். தீப்பெட்டியை எடுத்து வந்து கொடுத்தது நான்தான். காற்று திரும்பியது. ஒற்றையடிப் பாதையைத் தாண்டித் தீ மேலே ஏறிவிட்டது. ஊரே குழையோடு வந்தது. எல்லாரையும்விட வெறியாக அடித்தவர் சித்தப்பாதான், இரண்டு உள்ளங்கையும் வெந்துபோயின. நாங்கள் பெண்களோடு வரிசையில் நின்று குடத்தில் தண்ணீர் கடத்தினோம். மூன்றாம் நாள் அடங்கியது.

மேலே தனியாக இருந்த ஒரு பெரியம்மாவின் மாட்டுக்கொட்டகை எரிந்துவிட்டது. கட்டியிருந்த கன்றுக்குட்டியும் போய்விட்டது. உறவில்லை, ஊர் முறைக்குப் பெரியம்மா. மூங்கில் உரசியதாக யாரோ சொன்னார்கள், ஊர் ஏற்றுக்கொண்டது. அப்பா என்னைப் பார்த்து, “வாயைத் திறக்காதே” என்றார். நான் திறக்கவில்லை.

பெரியம்மா மட்டும் மூங்கிலை நம்பவில்லை. அந்த வருஷம் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடாயை, பணமுடையில் விற்றுவிட்டாராம். சாமிக்குக் கோபம், அதனால்தான் தீ வந்தது என்று முடிவு செய்தார். “என்னால்தான் ஊர்க்காடு எரிந்தது” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் அழுவார். என் அம்மாவிடமும் வந்து அழுதார், அம்மா அவர் தலையைத் தடவிக்கொண்டு நின்றாள். அடுத்த வருஷம் கடன் வாங்கி ஒரு கிடாய் வெட்டினார். அந்தக் கறியில் எங்கள் வீட்டுக்கும் பங்கு வந்தது. சித்தப்பா உட்பட எல்லாரும் சாப்பிட்டோம்.

அவர் இறக்கும்வரை அப்படியே நம்பிக்கொண்டிருந்தார். எனக்கு மீசை முளைத்து, வேலை கிடைத்து, ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து காப்பி குடித்திருக்கிறேன். ஒரு நாளும் சொல்லவில்லை. சித்தப்பா கெட்டவர் அல்ல. அன்றைக்கே அவர் ஊர்க்கூட்டத்தில் சொல்லியிருந்தால் அபராதம் போட்டு, கன்றுக்கு ஈடு கொடுக்க வைத்து, முடித்திருப்பார்கள். அடுத்த வருஷம் தீ வைக்குமுன் பாதையோரம் செதுக்கித் தீக்கோடு போட்டிருப்பார்கள். சாமி கோபம், மூங்கில் உரசல், இயற்கையின் சீற்றம் மூன்றும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. கை மறைந்துவிடுகிறது. அந்தப் பழி யார் தலையிலாவது போய் உட்கார்ந்துகொள்கிறது.

உங்களைக் கடிந்துகொண்டதற்கு வருத்தப்படாதீர்கள். பெரியம்மாவிடம் சொல்லாததை உங்களிடம் சொல்லியிருக்கிறேன்.

வீட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். விற்க வேண்டாம் என்று தோன்றுகிறது, ஆனால் அது உங்களுக்கும் மகளுக்கும் இடையிலான பேச்சு. மாசி, பங்குனி இரண்டு மாதமும் கோவையில் இருந்துவிட்டு, கோடை மழை விழுந்தபின் வாருங்களேன். இருப்பதானால் கூரையிலும் கூரையோர மழைநீர் வாய்க்காலிலும் சேர்ந்த பைன் சருகை வாரம் ஒருமுறை ஆள் வைத்துக் கூட்டுங்கள், பறந்துவரும் கங்குக்கு அது போதும். பத்திரமும் மாத்திரையும் ஒரு பையில் வாசலோரம் இருக்கட்டும். வனத்துறை ஆட்கள் கிளம்பச் சொன்னால் உடனே கிளம்புங்கள். பாரடைஸில் எல்லாரும் ஒரே நேரத்தில் சாலைக்கு வந்து வண்டிகளுக்குள் மாட்டிக்கொண்டார்கள், நமக்கும் மலைப்பாதைதான். எக்காரணம் கொண்டும் தீக்கு மேல்புறமாக ஏறாதீர்கள். சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். தேனிப் பக்கத்துக் குரங்கணி மலையில் 2018 மார்ச் 11 அன்று சரிவில் தீயிடம் சிக்கியவர்களில் 23 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இளைஞர்கள்.

போகுமுன் ஒரு வேலை செய்யுங்கள். பக்கத்து வீட்டில் போய், முதல் இரவு தீ எந்த இடத்தில் தெரிந்தது, அதற்குக் கீழே யார் நிலம் என்று கேளுங்கள். சண்டைக்குப் போகிற மாதிரி வேண்டாம், காப்பி குடித்துக்கொண்டே கேளுங்கள். மறுபடியும் மூங்கில் என்றால், எந்த மூங்கில் என்று காட்டச் சொல்லுங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.