கோழிகளை அகற்றச் சொல்லி அறிவித்தல் வந்தால்

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியையாகிய நான் யாழ்ப்பாணம் மாநகர சபை எல்லைக்குள், வண்ணார்பண்ணையில், இரண்டு பரப்புக் காணியில் வசிக்கிறேன். வளவின் பின்புறம் ஒன்பது ஊர்க்கோழிகளும் ஒரு சேவலும் நிற்கின்றன. முட்டை வீட்டுத் தேவைக்கு மட்டுமே. பக்கத்து வீட்டார் முறையிட்டதனால், துணைவிதியை மீறிக் கோழி வளர்ப்பதாகவும் 14 நாட்களுக்குள் அவற்றை அகற்ற வேண்டும் என்றும் அறிவித்தல் வந்துள்ளது. அதில் துணைவிதியின் இலக்கம் மட்டுமே உண்டு. "பேசாமல் விடுங்கோ" என்கிறார் மகன். அப்பு காலத்திலிருந்தே இந்த வளவில் கோழி வளர்த்து வருகிறோம். என்ன செய்வது?

பதில்: ஆசிரியை அவர்களுக்கு, மகனின் யோசனையை ஏற்க வேண்டாம். விடயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போனால், பதில் எழுதப்படாத அறிவித்தலே உங்களுக்கு எதிரான முதல் ஆவணமாக முன்வைக்கப்படும். அதற்காக நாளைக்கே கோழிகளை விற்றுவிடவும் தேவையில்லை.

துணைவிதிகளை ஆக்கும் அதிகாரத்தை 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டம் சபைக்கு வழங்கியுள்ளது. எனினும் சபை தீர்மானம் நிறைவேற்றிய மாத்திரத்தில் அது சட்டமாகிவிடாது. உரிய அங்கீகாரம் பெற்று வர்த்தமானியில் வெளியான பின்னரே அது உங்களைக் கட்டுப்படுத்தும். ஆகவே அந்தத் துணைவிதியின் முழு வாசகத்தையும் அது வெளியான வர்த்தமானியின் திகதியையும், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். அந்தச் சட்டப்படி தீர்மானம் அறிவிப்பதற்கு அலுவலருக்கு உள்ள கால எல்லை 14 வேலை நாட்கள். உங்களுக்குத் தரப்பட்டிருப்பதோ விடுமுறைகளும் சேர்ந்த 14 நாட்கள். எனவே, வாசகம் கைக்கு வரும்வரை கால அவகாசம் வேண்டி மாநகர ஆணையாளருக்கு அன்றைக்கே தனிக் கடிதம் ஒன்றையும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

வாசகம் கிடைத்ததும், தடை முழுமையானதா, அனுமதியின்றி வளர்ப்பதை மட்டும் தடுக்கிறதா, அல்லது எண்ணிக்கையையோ வீட்டிலிருந்தும் கிணற்றிலிருந்தும் இருக்க வேண்டிய தூரத்தையோ வரையறுக்கிறதா என்று பாருங்கள். வாய்ப்பேச்சில் "தடை" என்று சொல்லப்படுவது எழுத்தில் அனுமதி பெற வேண்டிய கடமையாக மட்டுமே இருக்கவும் கூடும், அப்படியானால் விண்ணப்பித்துவிடலாம். தடை முழுமையானதாயின், முட்டை விற்பதில்லை என்ற உங்கள் விளக்கம் தண்டப்பணத்தைக் குறைக்க உதவலாமே தவிர, தவறிலிருந்து உங்களை விடுவிக்காது. அப்பு காலத்து வழக்கமும் அப்படியே: காணியை நீண்டகாலம் ஆண்டு அனுபவிப்பது காணி உரிமையைத் தரலாம், துணைவிதியை மீறும் உரிமையைத் தராது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையும் இங்கே துணைக்கு வராது. கொக்குவிலில் உறவினர்கள் தாராளமாக வளர்க்கிறார்கள் என்றும் வாதிட முடியாது. அது நல்லூர் பிரதேச சபையின் எல்லை, அங்கே 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டமும் அச்சபையின் துணைவிதிகளுமே பொருந்தும்.

துணைவிதி செல்லாது என்று நீங்கள் நிறுவினாலும் பிரச்சினை அத்துடன் முடியாது என்பதையே முக்கியமாகச் சொல்ல வேண்டும். பொதுத்தொல்லை என்பது தனியான விடயம். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின் கீழ், தொல்லையை அகற்றுமாறு நீதவான் நிபந்தனைக் கட்டளை பிறப்பிக்கலாம். நீங்கள் அவர் முன் தோன்றி, அகற்றத் தேவையில்லை என்பதற்குக் காரணம் காட்டலாம். தண்டனைச் சட்டக்கோவையின் 261ஆம் பிரிவு பொதுமக்களுக்கோ அயலில் வசிப்போருக்குப் பொதுவாகவோ ஏற்படும் இடையூறையே பொதுத்தொல்லை என்கிறது. முறையிட்டது ஒரே வீட்டார்தான் என்றால் அது உங்களுக்குச் சாதகம். ஆனால் அவர்கள் மாவட்ட நீதிமன்றத்தில் தனிப்பட்ட தொல்லைக்காக வழக்கிட்டுத் தடைக்கட்டளை கேட்பதை இந்த வாதத்தால் தடுக்க முடியாது.

அந்த நிலையில் சாட்சியமாக நிற்கப்போவது உங்கள் வளவுதான். யாழ்ப்பாணத்து நிலத்தடி சுண்ணாம்புக்கல் ஆகையால் மேலே தேங்கும் அழுக்கு விரைவில் கிணற்று நீரில் கலந்துவிடும். கோழி எருவைக் குவித்து வைக்காமல் உலர்த்தி, மூடி, அடிக்கடி அப்புறப்படுத்துங்கள். கூடு உங்கள் கிணற்றுக்கோ அயலவர் கிணற்றுக்கோ அருகில் இருந்தால் இடம் மாற்றுங்கள். தண்ணீர்ச் சட்டியைத் தினமும் கவிழ்த்துக் கழுவுங்கள். நுளம்பு பெருக இடமளித்தால் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இன்னொரு வழக்கையும் நீங்களே வரவழைப்பீர்கள். பின்னர் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை நீங்களே அழைத்துக் காட்டி, அவர் கண்டதைக் குறிப்பாக எழுதித் தரும்படி கேளுங்கள்.

சேவலைக் கொடுத்துவிடுங்கள். பேடு முட்டையிடச் சேவல் தேவையில்லை, குஞ்சு பொரிக்கத்தான் தேவை. விடியுமுன் கூவும் சேவலுக்காக ஒன்பது பேடுகளையும் பணயம் வைப்பது எனக்குப் புத்திசாலித்தனமாகப் படவில்லை. அதன்பின் அயலவருடன் மத்தியஸ்த சபைக்குப் போய், கூட்டின் இடம், கோழிகளின் எண்ணிக்கை, எரு அகற்றும் முறை ஆகியவற்றை எழுத்தில் இணங்கிக்கொள்ளலாம். அந்த இணக்கம் மாநகர சபையைக் கட்டுப்படுத்தாது. ஆனால் முறைப்பாட்டாளரே திருப்தியடைந்த விடயத்தை அதிகாரிகள் தொடர்ந்து துரத்துவது அரிது.

இவை அனைத்துக்கும் பின்னரும் மாநகர சபை விடாப்பிடியாக நின்றால், அரசியலமைப்பின் 154P(4) உறுப்புரையின் கீழ் மாகாண மேல் நீதிமன்றத்தில், சபையின் முடிவை ரத்துச் செய்யும் எழுத்தாணை கோரலாம். அதற்கான செலவு கோழிகளின் விலையைப் பன்மடங்கு தாண்டும் என்பதால், துணைவிதி வர்த்தமானியில் வெளிவரவேயில்லை என்பது போன்ற தெளிவான குறை இருந்தால் மட்டுமே அந்த வழியை நாடுங்கள்.