ஒரே மாதிரி இருக்கும் கருச்செல்கள் தோலாகவும் இதயமாகவும் குடலாகவும் பிரிவது எப்படி?

கருவின் தொடக்கத்தில் செல்கள் புறப்படை, நடுப்படை, அகப்படை என மூன்று தட்டுகளாக அமைகின்றன. இவைதான் கரு அடுக்குகள். மனிதக் கருவில் இது 3ஆம் வாரத்தில் நடக்கிறது. (ஹைட்ராவுக்கும் ஜெல்லிமீனுக்கும் இரண்டே அடுக்குகள்தான்.)

தட்டையான செல் படலத்தின் நடுக்கோட்டில் ஒரு பள்ளம் விழும். அதன் வழியே முதலில் இறங்கும் செல்கள் அகப்படையாகும், அடுத்து இறங்குபவை நடுப்படை, மேலேயே தங்குபவை புறப்படை. எல்லாச் செல்லிலும் இருப்பது அதே டிஎன்ஏதான். சேர்ந்த இடத்தில் அண்டைச் செல்கள் அனுப்பும் சமிக்ஞைப் புரதங்களே எந்த மரபணு இயங்கும், எது அடங்கும் என்பதை முடிவுசெய்கின்றன. எல்லார் கையிலும் ஒரே புத்தகம். உட்கார்ந்த வகுப்பைப் பொறுத்துத் திறக்கும் பாடம் மட்டும் வேறு.

அகப்படையிலிருந்து குடலின் உட்பரப்பு, கல்லீரல், கணையம் வருகின்றன. நடுப்படை தசை, எலும்பு, இரத்தம், இதயம், சிறுநீரகம் ஆகிறது. புறப்படையிலிருந்து மேல்தோலும் முடியும் மட்டுமல்ல, மூளையும் தண்டுவடமும் வருகின்றன! முதுகுப்பக்கப் புறப்படை தடித்து, காகிதத்தைச் சுருட்டுவதுபோல் இரு ஓரமும் மேலெழுந்து ஒட்டிக் குழாயாகிறது. ஏறத்தாழ 28ஆம் நாளுக்குள் அது மூடிவிட வேண்டும். கீழ்ப்பகுதி மூடாவிட்டால் முதுகுத்தண்டுப் பிளவு உண்டாகும். கர்ப்பம் தெரியவரும் முன்பே இந்த நாள் கடந்துவிடக்கூடும் என்பதால்தான் கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே இந்தப் பிளவைத் தடுக்க உதவும் ஃபோலிக் அமிலம் என்ற பி வைட்டமினைத் தினம் 400 மைக்ரோகிராம் எடுக்கச் சொல்கிறார்கள்.

ஓர் உறுப்பு முழுவதும் ஓர் அடுக்கிலிருந்தே வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். ஆனால் குடலின் உட்பூச்சு அகப்படை, அதன் தசை நடுப்படை, அதிலுள்ள நரம்புகள் புறப்படை.