கேள்வி-பதில்: டிஸ்க்கில் உலகக் கோப்பை

கேள்வி: தகுதிச்சுற்றில் தொடங்கி இறுதி ஆட்டம் வரை முழு கால்பந்து உலகக் கோப்பையையும் வீட்டில், வீடியோ கேமாக, இன்டர்நெட் இல்லாமல் ஆட வேண்டும். எதை வாங்கலாம்? (நாகர்கோவில்)

2014 ஏப்ரலில் வீடியோ கேம் நிறுவனமான ஈஏ ஸ்போர்ட்ஸ் வெளியிட்ட ‘2014 ஃபிஃபா வேர்ல்ட் கப் பிரேசில்’தான் முதல் தேர்வு. 203 நாட்டு அணிகள், பிரேசிலின் 12 மைதானங்கள், கண்டம் வாரியான தகுதிச்சுற்று எல்லாம் டிஸ்க்கிலேயே இருக்கின்றன. உலகக் கோப்பைக்கென்று ஈஏ தனி டிஸ்க்காக விற்றதில் கடைசி இதுதான். அடுத்த தேர்வு 2010 தென்னாப்பிரிக்கா: 199 அணிகள், 10 மைதானங்கள்.

2014 டிஸ்க் பிளேஸ்டேஷன் 3 (பிஎஸ்3), எக்ஸ்பாக்ஸ் 360 என்ற இரண்டு கன்சோல்களுக்கு, அதாவது டி.வி.யோடு இணைக்கும் விளையாட்டுக் கருவிகளுக்கு, மட்டும்தான் வந்தது. பிஎஸ்4 அப்போதே கடைக்கு வந்திருந்தும் அதற்குப் போடவில்லை. 2010 இந்த இரண்டோடு வீ, பிஎஸ்பி கருவிகளுக்கும் வந்தது. கம்ப்யூட்டர்தான் இருக்கிறது என்பவர்கள் 2006 ஜெர்மனி பதிப்புக்குப் போக வேண்டும்; அதற்குப் பிறகு வந்த இரண்டும் கம்ப்யூட்டருக்கு வரவே இல்லை.

இனி கிடைப்பது பழைய டிஸ்க்தான். விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பாருங்கள். எக்ஸ்பாக்ஸ் 360 டிஸ்க்கில் மையத்தைச் சுற்றி வட்டமாக ஒரு ஆழமான கோடு தெரிந்தால் தொடாதீர்கள். டிஸ்க் சுழலும்போது யாரோ கன்சோலை அசைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தக் கோடு பாலிஷ் போட்டாலும் பெரும்பாலும் போகாது. பிஎஸ்3-இன் புளூ-ரே டிஸ்க்குக்கு மேல்பூச்சு கெட்டியானது, மெல்லிய கீறல்களைத் தாங்கும். மெனு வந்துவிட்டதே என்று காசைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு ஆட்டத்தைத் தொடங்கச் சொல்லி, மைதானம் திறந்து, வர்ணனை தடையில்லாமல் ஓடி, ஒரு ரீப்ளே வரும்வரை நின்று பாருங்கள். படிக்க முடியாத டிஸ்க் பெரும்பாலும் அங்கேதான் திணறும்.

பிஎஸ்3-க்கு எந்த நாட்டு டிஸ்க்கும் ஓடும். எக்ஸ்பாக்ஸ் 360-இல் சில டிஸ்க்குகளுக்கு நாட்டுப் பூட்டு உண்டு (வேறு பகுதிக் கன்சோலில் ஓடாது), உறையைப் பார்த்து வாங்குங்கள். ஆன்லைன் பகுதிகளுக்கான சர்வர்கள் மூடிக் கிடக்கின்றன. மெனுவில் அவை தெரிந்தாலும் உள்ளே போக முடியாது.

கேள்வி: 2014 விளையாட்டில் காலிறுதி வரை வந்துவிடுகிறேன். பெனால்டி ஷூட்அவுட் என்றால் தோல்விதான். அம்பு பச்சையில் நிற்கும்போது அழுத்தியும் பந்து வெளியே போகிறது. ஏன்? (வியாசர்பாடி)

கைக்கு முன் டி.வி.யைச் சரிபாருங்கள். புதிய டி.வி.க்கள் படத்தை மெருகேற்றுவதற்காக ஒவ்வொரு ஃபிரேமையும் சற்றுத் தாமதித்துக் காட்டுகின்றன. உங்கள் கண்ணுக்கு அம்பு பச்சையில் இருக்கும் அந்த நொடியில், கன்சோலின் கணக்கில் அது பச்சையைத் தாண்டிவிட்டது. ஓட்டத்தில் ஆடும்போது இந்தத் தாமதம் பெரிதாகத் தெரியாது; பெனால்டியில் ஆளைக் கவிழ்த்துவிடும். டி.வி. செட்டிங்கில் ‘கேம் மோட்’ இருந்தால் போடுங்கள், அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணையுங்கள். பாதிப் பேருக்குப் பிரச்சினை இதோடு தீர்ந்துவிடும்.

மீதிக்கு வருவோம். இதில் மூன்று வேலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நடக்கின்றன. முதலாவது நிதானம்: கீழே உள்ள பட்டையில் அம்பு இங்குமங்கும் ஓடும், பச்சைக்கு வரும்போது ஷூட் பட்டனை (பிஎஸ்3-இல் வட்டம், எக்ஸ்பாக்ஸில் பி) அழுத்த வேண்டும். இரண்டாவது வேகம்: அழுத்திய விரலை எடுக்காமல் பிடித்தால் பவர் ஏறும். மூன்றாவது திசை: அதே நேரத்தில் இடது ஸ்டிக். பலரும் முதலாவதை ஒழுங்காகச் செய்துவிட்டு மூன்றாவதில் கோட்டைவிடுகிறார்கள். ஸ்டிக்கை எவ்வளவு நேரம் தள்ளிப் பிடிக்கிறீர்களோ அவ்வளவு தூரம் குறி விலகிக்கொண்டே போகும். ஓட்டம் தொடங்கியதிலிருந்து இடப்பக்கம் அழுத்தியே வைத்திருந்தால் குறி கோல்போஸ்ட்டைத் தாண்டிப் போய்விடும். உதைக்குச் சற்று முன் ஒரு சின்னத் தள்ளு, உடனே விடுங்கள். பவர் பாதியைக் கொஞ்சம் தாண்டினால் போதும், முக்கால் தாண்டினால் பந்து கம்பத்துக்கு மேலே.

அம்பின் ஓட்டம் எல்லா ஆட்டக்காரருக்கும் ஒன்றல்ல. விளையாட்டு ஒவ்வொரு வீரருக்கும் தரும் பெனால்டி மதிப்பெண் குறைந்த பின்கள வீரர் வந்து நின்றால் அம்பு பறக்கும். ஆகவே கூடுதல் நேரத்தின் 110-ஆவது நிமிடம் வரை ஒரு மாற்று வாய்ப்பைக் கையிருப்பில் வைத்திருங்கள். பிறகு பெஞ்சில் பெனால்டி மதிப்பெண் அதிகமுள்ளவரை இறக்குங்கள். நிஜத்திலும் 2014 காலிறுதியில், கோஸ்டா ரிகாவுக்கு எதிராக, நெதர்லாந்து பயிற்சியாளர் வான் ஹால் ஷூட்அவுட்டுக்கென்றே கோல்கீப்பரை மாற்றினார். கடைசி நிமிடத்தில் உள்ளே வந்த க்ருல் இரண்டு உதைகளைத் தடுத்தார், 4–3 என முடிந்தது.

நீங்கள் கோல்கீப்பராக நிற்கும் முறை வரும்போது முன்கூட்டியே பாயாதீர்கள். கோட்டிலேயே ஓரடி ஒரு பக்கமாக நகர்ந்து நின்றால் எதிரில் இருக்கும் நண்பர் காலியான பக்கத்தைத்தான் பார்ப்பார், அங்கே பாயலாம். கம்ப்யூட்டரிடம் இந்தத் தந்திரம் அவ்வளவாகப் பலிக்காது.

கேள்வி: 2010 விளையாட்டில் டர்பனில் அழகாக உள்ளே போகும் அதே ஷாட், ஜோகன்னஸ்பர்க்கில் கூரைக்குப் போகிறது. டிஸ்க்கில் கோளாறா? (திருச்சி)

கோளாறில்லை, வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். டர்பன், கேப்டவுன், போர்ட் எலிசபெத் தென்னாப்பிரிக்காவின் கடலோர ஊர்கள். ஜோகன்னஸ்பர்க்கின் சாக்கர் சிட்டி, எல்லிஸ் பார்க் மைதானங்கள் இரண்டும் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் உள்ளவை. நம் கொடைக்கானலைவிடக் கொஞ்சம்தான் தாழ்வு. அங்கே காற்று அடர்த்தி குறைவு. பந்தைப் பிடித்து நிறுத்தும் காற்று குறைந்தால் அது வேகம் இழக்காமல் நேராகப் போகும், வளைவும் குறையும். இந்த உயரக் கணக்கை 2010 விளையாட்டில் சேர்த்தார்கள். வீரர்களும் அங்கே சீக்கிரம் களைப்பார்கள்.

எனவே மேட்டு ஊர்களில் (பிரிட்டோரியா, புளூம்ஃபொன்டைன், ருஸ்டன்பர்க், போலோக்வானேயும் இதில் சேரும்) தூரத்து ஷாட்டுக்கு வழக்கமான பவரில் கால்வாசியைக் குறையுங்கள். நீளப் பாஸ் கொடுக்கும்போதும் சதுரப் பட்டனைச் சீக்கிரம் விடுங்கள், இல்லையென்றால் பந்து கோட்டுக்கு வெளியே உருளும். ஃப்ரீகிக்கில் சுவரைச் சுற்றி வளைப்பதை நம்ப வேண்டாம். ஆர்2-ஐ (வேக ஓட்டத்துக்கான பட்டன்) அழுத்திக்கொண்டே ஓடுபவர்கள் 70-ஆவது நிமிடத்தில் விங்கர்களின் (ஓரங்களில் ஓடுபவர்களின்) நாக்கு தள்ளுவதைப் பார்க்கலாம். முதல் மாற்றத்தை 60-க்குள் செய்துவிடுங்கள். இறுதி ஆட்டம் சாக்கர் சிட்டியில்தான். ஆகவே கடலோரத்திலேயே ஆடிப் பழகினால் கோப்பைக்கு அருகே வந்து வழுக்கும்.

தென் அமெரிக்கத் தகுதிச்சுற்றில் பொலிவியாவின் லா பாஸ் வரும்போது இதெல்லாம் இரு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர் சுமார் 3,600 மீட்டரில் இருக்கிறது.

கேள்வி: யூரோ 2008 விளையாட்டில் குரூப்பில் இரண்டு அணிகளுக்கும் 6 புள்ளி. என் கோல் வித்தியாசம் அதிகம். ஆனாலும் மற்ற அணி மேலே போனது. (யாழ்ப்பாணம்)

அந்த அணியிடம் நீங்கள் தோற்றிருப்பீர்கள். ஐரோப்பிய நாடுகளுக்கான யூரோ கோப்பையின் விதியில் புள்ளி சமமானால் முதலில் பார்ப்பது அந்த இரு அணிகளும் தங்களுக்குள் ஆடிய முடிவு. மொத்த கோல் வித்தியாசம் அதற்குப் பின்புதான். அந்நாளைய உலகக் கோப்பை விளையாட்டுகளில் தலைகீழ்: மொத்த கோல் வித்தியாசம், போட்ட கோல், அதன் பிறகே நேருக்கு நேர். உலகக் கோப்பையில் பழகியவர் யூரோவுக்கு வந்ததும், பலவீனமான அணிக்கு ஐந்து கோல் போடுவதில் நேரத்தைச் செலவழித்து, போட்டி அணியிடம் 0–1 என்று விட்டுவிடுவார். யூரோவில் அந்த ஐந்து கோலுக்கு அநேகமாக மதிப்பில்லை.

2018-இல் உலகக் கோப்பையில் இன்னொரு படி சேர்ந்தது: மஞ்சள் அட்டைக்கு 1, நேரடிச் சிவப்புக்கு 4 என்று கழித்துப் பார்க்கும் நன்னடத்தைக் கணக்கு. ஜப்பானும் செனகலும் 4 புள்ளி, 4 கோல் போட்டு 4 வாங்கி, தங்களுக்குள் 2–2 என எல்லாவற்றிலும் சமம். 4 மஞ்சள் வாங்கிய ஜப்பான் உள்ளே, 6 வாங்கிய செனகல் வெளியே. தேவையில்லாத ஸ்லைடிங் டேக்கிளை (சறுக்கி விழுந்து பந்தைப் பறிப்பதை) குறையுங்கள் என்று சொல்ல இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

கேள்வி: 2014 விளையாட்டில் இந்தியாவை வைத்து ஆடினால் எப்போதும் 0–3, 0–4. வழி உண்டா? (தூத்தூர்)

நிஜத்தில் 2011 ஜூலையில் ஐக்கிய அரபு எமிரேட்ஸிடம் 0–3, பிறகு டெல்லியில் 2–2 என்று நம் தகுதிச்சுற்றுப் பயணம் முடிந்தது. ஆகவே விளையாட்டை மட்டும் குறை சொல்ல முடியாது.

வேக மதிப்பெண் குறைந்த பின்கள வீரர்களை வைத்துக்கொண்டு முன்னே ஏறி அழுத்தினால் ஒவ்வொரு நீளப் பாஸும் கோலாகும். பின்களக் கோட்டைக் கீழே இறக்குங்கள், 5-3-2 (ஐந்து பின்களம், மூன்று நடுக்களம், இரண்டு முன்களம்) அல்லது 4-5-1 போடுங்கள். எதிரி வரும்போது (பட்டன்கள் பிஎஸ்3 கணக்கில்) எக்ஸ் பட்டனைப் பிடித்துக்கொண்டு துரத்துவது பெரிய தப்பு. அது உங்கள் ஆளை இடத்தைவிட்டு இழுத்துவிடும். எல்2-ஐப் பிடித்து முகம் பார்த்தபடி பின்வாங்குங்கள். அவர் பந்தைச் சற்று முன்னே தள்ளும்போது மட்டும் வட்டத்தை ஒரு முறை தட்டுங்கள். பந்து கிடைத்ததும் முதல் பாஸில் ஓடாதீர்கள்: ஆர்2 அழுத்தியிருந்தால் முதல் தொடுதல் பலமாகிப் பந்து இரண்டு கஜம் தள்ளிப் போகும், தரம் குறைந்த அணிக்கு அது இன்னும் மோசம். கார்னர், ஃப்ரீகிக் இரண்டிலும் உயரமான சென்டர்பேக்கை (நடுப் பின்கள வீரரை) குறிவையுங்கள். 1–0 என்று வென்றாலே போதும். முதலில் கடினம் குறைந்த செமி-ப்ரோ நிலையில் ஒரு தகுதிச்சுற்றை முடித்துவிட்டு மேலே ஏறுங்கள்.

கேள்வி: பிஎஸ்5-இல் இந்த டிஸ்க்குகள் ஓடுமா? (சேலம்)

ஓடாது. பிஎஸ்4, பிஎஸ்5 இரண்டும் பிஎஸ்3 டிஸ்க்கை ஏற்காது.

கேள்வி: இப்போதெல்லாம் ஏன் தனி உலகக் கோப்பை டிஸ்க் வருவதில்லை? (கோவை)

2012 யூரோவிலேயே வழி மாறத் தொடங்கியது. அதைத் தனியாக விற்காமல் ‘ஃபிஃபா 12’-க்குக் காசு கொடுத்து இறக்கும் கூடுதல் பகுதியாக்கினார்கள். 2018 ரஷ்யா ‘ஃபிஃபா 18’-க்கு இலவச அப்டேட், 2022 கத்தார் ‘ஃபிஃபா 23’-க்கு இலவச அப்டேட். இலவசம் என்பதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. கத்தார் அப்டேட்டில் தகுதிச்சுற்றுப் பாதை இல்லை, மைதானங்களும் லுசைல், அல் பைத் என்று இரண்டுதான். ஈஏ-ஃபிஃபா ஒப்பந்தம் முடிந்து, 2023 செப்டம்பரில் புதிய பெயரில் விளையாட்டு வந்தபோது பழைய ஃபிஃபா விளையாட்டுகள் ஆன்லைன் கடைகளிலிருந்து அகற்றப்பட்டன. எனவே பழைய ‘ஃபிஃபா 23’ டிஸ்க் வாங்குபவர்கள், இன்டர்நெட்டில் அப்டேட் இறக்கிய பிறகே கத்தார் பகுதி திறக்கும் என்பதை நினைவில் வையுங்கள். டிஸ்க்கில் அது இல்லை.

தனி டிஸ்க் என்றாலே தரம் என்றும் எண்ண வேண்டாம். 1986-இல் யு.எஸ். கோல்ட் நிறுவனம் மெக்சிகோ உலகக் கோப்பைக்கு அதிகாரபூர்வ உரிமம் வாங்கியது. விளையாட்டு நேரத்துக்குத் தயாராகவில்லை. ஆர்டிக் நிறுவனத்தின் பழைய கால்பந்து விளையாட்டு ஒன்றைக் கொஞ்சம் மாற்றி, போஸ்டரும் பேட்ஜும் வைத்துப் பெட்டியில் போட்டு ‘வேர்ல்ட் கப் கார்னிவல்’ என்று விற்றது. அது இன்று சேகரிப்பவர்களுக்குப் பிரியம், ஆடுபவர்களுக்கு அல்ல. ஏலத்தில் கண்ணில் பட்டால் அந்தப் பெட்டியில் போஸ்டர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.