சாலார் ஜங் அருங்காட்சியகம்: 1951-ஆ, 1968-ஆ?

ஹைதராபாத்தின் சாலார் ஜங் அருங்காட்சியகம் தொடங்கிய வருடமாகச் சார்ட்டில் 1951 என்றே எழுதச் சொல்லுங்கள். கிருஷ்ணகிரிப் பள்ளிக் கண்காட்சிக்கு உங்கள் மகள் எடுத்த குறிப்பில் இரண்டு வருடங்கள் வருகிறதே, இரண்டுமே தவறில்லை. 1951 டிசம்பர் 16 அன்று நேரு திறந்துவைத்தார், சாலார் ஜங் குடும்பத்தின் திவான் தேவடி மாளிகையிலேயே. 1968 என்பது மூசி ஆற்றங்கரையில் இப்போதுள்ள கட்டடத்துக்கு மாறிய வருடம். கட்டடத்தின் வயதை அருங்காட்சியகத்தின் வயதாக யாரோ எழுதியிருக்க வேண்டும்.

சரிபார்க்க ஒரு வழி. 1961-ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு இதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவித்தது. 1968-ல்தான் தொடங்கியது என்றால் அந்தச் சட்டம் எதற்கு?

ஒன்றில் மட்டும் கவனம். 'எல்லாம் ஒருவரே வாங்கியது' என்று எழுத வேண்டாம். பெரும்பகுதியைச் சேர்த்தவர் மூன்றாம் சாலார் ஜங், மீர் யூசுப் அலி கான். ஹைதராபாத்தை ஆண்ட நிஜாமின் திவான் (பிரதம மந்திரி) பதவியை 1914-ல் விட்டபின் வாழ்நாள் முழுக்க இதே வேலைதான். திருமணம் செய்யாமல் 1949-ல் இறந்தார், நேரடி வாரிசு இல்லை. அதனால்தான் இத்தனையும் பொதுமக்களுக்கு வந்து சேர்ந்தது. ஆனால் எல்லோரும் போய் நின்று பார்க்கும் அந்த முக்காடிட்ட ரெபேக்கா சிலை, அவருடைய தாத்தா முதலாம் சாலார் ஜங் 1876-ல் ரோமில் வாங்கியது. பளிங்கிலேயே மெல்லிய துணி போல முக்காட்டைச் செதுக்கியிருப்பார் இத்தாலியச் சிற்பி பென்சோனி. சார்ட்டில் ஒரே ஒரு படத்துக்குத்தான் இடம் என்றால் அதையே ஒட்டச் சொல்லுங்கள்.

அப்புறம், முடிந்தால் மகளைத் தருமபுரி அருங்காட்சியகத்துக்கும் கூட்டிவாருங்கள். இங்கே நடுகற்கள் இருக்கின்றன. அவை ஒரு பிரபு விலை கொடுத்துச் சேர்த்தவை இல்லை, நம் ஊர்ப்புறங்களில் நின்றவை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அவள் சார்ட் தனியாகத் தெரியும்.