பாத்திரத்தில் விழுவதும் கடையில் வாங்குவதும்: பௌத்த அறம் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: கொல்லாமையை முதல் சீலமாக, அதாவது முதல் ஒழுக்க நெறியாக வைத்த பௌத்தத்தில், இலங்கையிலும் தாய்லாந்திலும் துறவிகள் மீனும் இறைச்சியும் உண்கிறார்கள். சீனத் துறவிகளோ வெங்காயம், பூண்டைக்கூடத் தொடுவதில்லை. திபெத்தில் இறைச்சி அன்றாட உணவாகவே இருந்திருக்கிறது. ஒரே ஆசிரியரின் வழியில் வந்தவர்களிடம் இத்தனை வேறுபாடு ஏன்? யார் சொல்வதை ஏற்பது?
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: இதற்கு விடை துறவியின் கையிலுள்ள பாத்திரத்தில் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன். துறவியருக்கான விநய விதிகளின்படி பிக்கு, அதாவது பௌத்தத் துறவி, தமக்கென்று சமைத்துக்கொள்ளக் கூடாது. கிடைத்ததை மறுநாளைக்கு எடுத்து வைக்கக் கூடாது. நண்பகல் தாண்டி உண்ணக் கூடாது. விடிந்ததும் பாத்திரத்தை ஏந்தித் தெருவில் நடந்து, வாசலில் வாய் திறவாமல் நின்று, இட்டதை ஏற்க வேண்டும். அந்த வீட்டில் அன்று ஆக்கியது எதுவோ அதில் ஒரு கரண்டி பாத்திரத்தில் விழும். செல்வர் வீட்டுப் பாற்சோறும் கூலிக்காரர் வீட்டு மீன் குழம்பும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கலந்த சோற்றில், இதை ஏற்பேன், அதை ஒதுக்குவேன் என்று துறவி சொல்லத் தொடங்கினால் இரந்துண்ணும் வாழ்க்கையே பொருளிழந்துவிடும்.

மூவகைத் தூய்மை என்ற விதி பிறந்தது இந்தச் சூழலில்தான். வைசாலியின் படைத்தலைவர் சீகர் புத்தருக்கு விருந்து வைத்தபோது, பெரிய விலங்கொன்றைக் கொன்று சமைத்திருக்கிறார், அது தெரிந்தே கௌதமர் உண்கிறார் என்று சமணர்கள் தெருத்தெருவாகக் கூவிச் சென்றதாக விநயபிடகம் கூறுகிறது. சீகர் உண்மையில் செய்தது, ஏற்கெனவே கிடைக்கும் இறைச்சி இருக்கிறதா என்று பார்த்துவர ஆள் அனுப்பியது மட்டுமே. இதையொட்டிப் புத்தர் வகுத்த விதி இது: தமக்காகக் கொல்லப்பட்டதென்று கண்டாலோ, கேட்டாலோ, ஐயம் எழுந்தாலோ அந்த இறைச்சியைப் பிக்கு உண்ணக் கூடாது. யானை, குதிரை, நாய், பாம்பு, சிங்கம் உள்ளிட்ட 10 வகை இறைச்சி எந்நிலையிலும் விலக்கு. மருத்துவர் ஜீவகரிடம் இதே விதியை விளக்கும்போது, துறவிக்காக விலங்கைக் கொல்பவர் ஐந்து இடங்களில் தீவினை ஈட்டுகிறார் என்கிறார் புத்தர். ‘போய் அந்த விலங்கைக் கொண்டு வா’ என்று சொல்லும்போதே முதல் தீவினை சேர்ந்துவிடுகிறது. கழுத்துக் கயிறு இறுக இழுத்துவரப்படும்போது அது படும் துன்பம் இரண்டாவது. கத்தி இன்னும் கைக்கு வரவேயில்லை, அதற்குள் இரண்டு. ‘கண்டால், கேட்டால், ஐயுற்றால்’ என்ற மூன்று சொற்களை மட்டும் மேற்கோள் காட்டி இறைச்சிக்கு அனுமதி உண்டென்று வாதிடுவோர், அதே உரையிலுள்ள அந்தக் கயிற்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

புலாலை அறவே விலக்க வேண்டும் என்ற கோரிக்கை பௌத்தத் துறவியர் சங்கத்துக்குள்ளிருந்தும் எழுந்தது. தேவதத்தர் என்ற துறவி முன்வைத்த ஐந்து கோரிக்கைகளுள் அதுவும் ஒன்று. விரும்புவோர் விலக்கிக்கொள்ளலாம், அனைவர் மீதும் விதியாகச் சுமத்த முடியாது என்று புத்தர் மறுத்துவிட்டார்.

தமிழ்நாட்டிலும் இந்த வாதம் கடுமையாக நடந்திருக்கிறது. நீலகேசி என்னும் சமணக் காப்பியம் பௌத்தர்களின் ஊனுணவை முகத்துக்கு நேரே சாடுகிறது. அதற்கெல்லாம் மேலாக, இரண்டே அடியில் மூவகைத் தூய்மையின் அடித்தளத்தையே கேள்வி கேட்கும் குறள் நம்மிடம் உண்டு: ‘தினற்பொருட்டால் கொல்லாது உலகெனின் யாரும் விலைப்பொருட்டால் ஊன்தருவார் இல்.’ தின்பதற்கென்று உலகம் கொல்லாதிருந்தால், விற்பதற்கென்று ஊன் தருபவர் எவரும் இருக்க மாட்டார். சீனத்திலும் திபெத்திலும் பரவிய மகாயானப் பிரிவின் இலங்காவதார சூத்திரமும் ஏறத்தாழ இதே வாதத்தை வைத்துத்தான் புலாலை விலக்குகிறது.

பௌத்தம் சீனத்துக்குச் சென்றபோது பாத்திரத்தின் இடம் மாறியது. உழைக்காமல் இரந்துண்பதை அந்தச் சமூகம் மதிக்கவில்லை. மடங்களுக்கு நிலம் வந்தது, களஞ்சியம் வந்தது, மடைப்பள்ளி வந்தது. ‘ஒரு நாள் உழைக்காவிடில் ஒரு நாள் உணவில்லை’ என்ற நெறியை வகுத்தவராக பாய்ஜாங் என்ற சான் (ஜென்) மரபு ஆசிரியரைச் சீன மரபு போற்றுகிறது. மடமே சந்தையில் வாங்கிச் சமைக்கும்போது, ‘எனக்காகக் கொல்லப்பட்டதென்று எனக்குத் தெரியாது’ என்று சொல்ல இடமே இல்லை. வாங்குகிறவருக்காகத்தானே கடைக்காரர் அறுக்கிறார்? 6-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் லியாங் பேரரசர் வூ, துறவிகள் மதுவையும் ஊனையும் விலக்க வேண்டுமென்று ஆணையிட்டார். சீனத்தில் பரவிய போதிசத்துவ சீலங்களில் 10 பெரியவை, 48 சிறியவை. அந்தச் சிறியவற்றுள் ஒன்று புலாலையும், மற்றொன்று பூண்டு, வெங்காய வகைகளையும் விலக்குகிறது. நீங்கள் கேட்ட வெங்காயத்தின் கதை இதுதான்.

திபெத்தின் உயரத்தில் காய்கறி விளைவது அரிது. ஒரு யாக் மாடு பல பேருக்குப் பல நாள் உணவாகும் என்பதால், ஒரு வேளைக்குப் பல உயிர் போகும் சிறு மீனைவிடப் பெரு விலங்கையே அவர்கள் தேர்ந்தார்கள். இருந்தும் ஷாப்கர் (1781–1851) போன்ற திபெத்திய ஆசிரியர்கள் புலாலை முற்றாக மறுத்து எழுதினார்கள். ஜப்பானில் 1872-இல் அரசே, துறவிகள் ஊன் உண்பதும் மணம் செய்வதும் அவரவர் விருப்பம் என்று அறிவித்துவிட்டது. அதை அறத்தின் கணக்கில் சேர்ப்பதைவிட அரசியலின் கணக்கில் சேர்ப்பதே பொருந்தும்.

யாரை ஏற்பது என்று கேட்டீர்கள். மணிமேகலையில் ஆதிரையின் கணவன் சாதுவன், கப்பல் உடைந்து நாகர் தீவில் கரையேறுகிறான். மனிதரையும் தின்னும் அந்த மக்களின் தலைவன், கள்ளையும் ஊனையும் கைவிட்டால் எங்கள் உயிர் நிலைக்காது, எங்களால் ஆகும் அறத்தைச் சொல் என்கிறான். ‘மூத்துவிளி மாவொழித்து எவ்வுயிர் மாட்டும் தீத்திறம் ஒழிக’ என்கிறான் சாதுவன். மூத்துத் தானாகச் சாகும் விலங்கைத் தவிர வேறெந்த உயிருக்கும் தீங்கு செய்யாதே என்பது பொருள். ‘உன்தனக்கு ஒல்லும் நெறியறம் உரைத்தேன்’ என்று அவனே அதற்குப் பெயரும் வைக்கிறான். வீட்டு வாசலில் இட்டதை உண்ணும் பிக்குவுக்கு ஒல்லும் நெறி மூவகைத் தூய்மை. கடைக்குச் சென்று, இன்ன துண்டு வேண்டுமென்று கைகாட்டி வாங்கும் நமக்கு அந்த விதியின் நிழலில் ஒதுங்க இடமில்லை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது சீன மடத்தின் வாதத்தை, அதாவது குறளின் வாதத்தை என்பதே என் முடிவு.

கேள்வி: நான் மூன்று ஏக்கரில் நெல் பயிரிடுகிறேன். சில ஆண்டுகளாகப் பஞ்சசீலம் என்ற ஐந்து ஒழுக்க நெறிகளைக் கடைப்பிடிக்க முயன்று வருகிறேன். பூச்சிமருந்து அடிக்காமல் மகசூல் எடுக்க முடியவில்லை. இது முதல் சீலத்தை மீறுவதாகுமா?
— ஒரு வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: ஆகும். உங்களைப் போல் நேர்மையாகக் கேட்பவருக்குச் சுற்றிவளைத்துப் பதில் சொல்லக் கூடாது. காஞ்சியில் தங்கியிருந்ததைத் தம் உரைநூலின் முடிவில் குறித்துள்ள பாலி உரையாசிரியர் புத்தகோசரின் காலத்திலிருந்து, கொலைக்கு ஐந்து கூறுகளைத் தேரவாதம் என்ற இலங்கை, தாய்லாந்துப் பௌத்தப் பிரிவின் உரைமரபு சொல்கிறது: அது ஓர் உயிராக இருத்தல், அது உயிரென்று அறிந்திருத்தல், கொல்லும் எண்ணம், அதற்கான முயற்சி, அம்முயற்சியால் நேரும் சாவு. கைத்தெளிப்பானைத் தோளில் மாட்டும்போது ஐந்தும் கூடிவிடுகின்றன.

அதே அளவுகோல் உங்களைப் பல இடங்களில் விடுவிக்கவும் செய்கிறது. தம்மபதம் என்ற பௌத்த நூலின் உரையில் சக்குபாலர் என்ற கண்பார்வையற்ற முதிய துறவியின் கதை வருகிறது. மழை பெய்த இரவின் விடியலில் அவர் நடை பயின்றபோது காலடியில் ஏராளமான பூச்சிகள் மடிந்து கிடந்தன. பார்த்த பிக்குகள் புத்தரிடம் முறையிட்டார்கள். அவருக்குக் கொல்லும் எண்ணம் இல்லை, ஆகவே அது கொலை ஆகாது என்றார் புத்தர். ‘எண்ணத்தையே வினை என்கிறேன்’ என்பது அவர் வாக்கு. உழும்போது மண்புழு அறுபடுவதும் நாற்று நடும்போது காலடியில் சிற்றுயிர் நசுங்குவதும் இந்த வகையைச் சேர்ந்தவை. பிக்குகள் மண்ணைத் தோண்டக் கூடாதென்று விதித்த புத்தர், இல்லறத்தார் உழுவதை எங்கும் பழிக்கவில்லை. அவர் இல்லறத்தாருக்கு விலக்கிய வாணிகம் ஐந்து: ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு. வேளாண்மை அதில் இல்லை. நஞ்சு விற்பது இருக்கிறது.

எனவே உழவைக் கைவிட வேண்டாம், எண்ணத்தோடு கொல்லும் தடவைகளைக் குறையுங்கள். உங்கள் பகுதியில் எட்டடிக்கு ஓரடி இடைவெளி (பட்டம்) விட்டு நடுவது புகையான் என்னும் நெற்பூச்சியைக் கட்டுப்படுத்தும் என்பதை நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். பூச்சி கண்ணில் பட்டவுடன் மருந்தடித்தால், அந்தப் பூச்சியைப் பிடித்துத் தின்னும் சிலந்தியும் சாகிறது, சில நாளில் புகையான் முன்னிலும் பெருகுகிறது. தழைச்சத்து உரத்தை அளவோடு இடுவதும், பறவைகள் அமரக் குச்சி நடுவதும், சேதம் ஓர் அளவைத் தாண்டும் வரை பொறுத்திருப்பதும் பயிருக்கும் நல்லது, சீலத்துக்கும் நல்லது. அதற்குப் பிறகும் தெளிக்க நேர்ந்தால், செய்வது இன்னதென்று அறிந்து வருத்தத்தோடு செய்யுங்கள். பூச்சிதானே என்று மனத்தை மரக்க விடாதீர்கள். ஜப்பானில் பயிருக்காகக் கொன்ற பூச்சிகளின் நினைவாகச் சடங்கு செய்யும் வழக்கம் உண்டு. அதைப் படித்தபோது, கொன்றதை மறைக்காத அந்த மனம் எனக்குப் பெரிதாகத் தோன்றியது.

கேள்வி: மதம் மாறாமல் பஞ்சசீலத்தை மட்டும் ஏற்கலாமா? ஏற்றபின் தவறினால் என்ன ஆகும்?
— ஒரு கல்லூரி மாணவி, மதுரை

பதில்: சடங்கு முறைப்படி முதலில் புத்தம், தம்மம், சங்கம் என்ற மூன்றிலும் சரணம், அதன் பிறகே சீலம். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அம்பேத்கர் இரண்டையும் அந்த வரிசையிலேயே ஏற்றார். ஆனால் கொல்லாமல், திருடாமல், பொய் சொல்லாமல் வாழ்வதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. காப்பியத் தலைவி மணிமேகலையே வஞ்சியில் பல சமயத்தாரின் கொள்கைகளையும் கேட்டறிந்த பிறகுதான் காஞ்சியில் அறவண அடிகளிடம் சரண் புகுகிறாள். நீங்களும் அவசரப்பட வேண்டாம்.

பாலி மொழியில் ஒவ்வொரு சீலமும் ‘இந்தப் பயிற்சி நெறியை மேற்கொள்கிறேன்’ என்றே முடிகிறது. ஆணையிடுபவர் யாரும் அந்த வாக்கியத்தில் இல்லை, தண்டனையும் இல்லை. இலங்கையில் போயா என்னும் முழுநிலா நாள்தோறும் மக்கள் மீண்டும் மீண்டும் சீலம் எடுப்பது அதனால்தான். சீன, திபெத்திய மரபுகளில் ஐந்தில் தம்மால் முடிந்த ஒன்றிரண்டை மட்டும் ஏற்கவும் வழியுண்டு. தவறினால், தவறினோம் என்று ஒப்புக்கொண்டு மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாங்கள் கண்டியில் வசிக்கும் தமிழ்க் குடும்பம். பக்கத்து வீட்டு அம்மா இறந்து மூன்று மாதம் நிறைவதால், பௌத்தர்களான அவர்கள் பிக்குகளுக்கு உணவளிக்கும் தானத்துக்கு அழைத்திருக்கிறார்கள். நாங்கள் சைவர்கள். என்ன கொண்டு போகலாம்? எப்படி நடந்துகொள்வது?
— ஒரு வாசகி, கண்டி

பதில்: நீங்கள் சமைக்கும் மரக்கறி உணவையே கொண்டு செல்லுங்கள், பருப்போ பூசணிக்காய்க் கறியோ மகிழ்ச்சியோடு ஏற்பார்கள். நேரம்தான் முக்கியம். பிக்குகள் நண்பகலுக்குள் உண்டு முடிக்க வேண்டுமாதலால் காலை பத்து மணிக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவது நல்லது.

நான் அங்கே ஒரு தானத்தைப் பார்த்திருக்கிறேன். வாசலில் பிக்குகளின் பாதங்களைக் கழுவித் துடைத்தார்கள். புத்தரின் நினைவுச் சின்னம் வைத்த தாதுப் பேழையை ஒருவர் தலைமேல் ஏந்தி முன்னே வந்தார். வெள்ளைத் துணி விரித்த இருக்கையில் பிக்குகள் அமர்ந்ததும், எல்லாப் பதார்த்தங்களிலும் சிறிது எடுத்து முதலில் புத்தருக்குப் படைத்தார்கள். உங்கள் பாத்திரத்தையும் வரிசையில் கொடுப்பார்கள். இரண்டு கைகளாலும் ஏந்திப் பரிமாறுங்கள். உண்டு முடிந்தபின், ஒரு தட்டில் வைத்த கிண்ணத்தில் கூசா என்ற நீர்க்குடுவையிலிருந்து தண்ணீர் ஊற்றுவார்கள். ஆறுகள் நிறைந்து கடலை நிறைப்பதுபோல் இங்கே ஈந்தது இறந்தவரைச் சேரட்டும் என்ற பாலி வரிகளைப் பிக்குகள் ஓதுவார்கள். அந்த வீட்டில் மகள் கூசாவைப் பிடிக்க, மகன் அவள் கையைத் தொட, பேரப்பிள்ளைகள் அவன் தோளைத் தொட, கிண்ணம் நிறைந்து தட்டில் வழியும் வரை ஊற்றினார்கள். நெருங்கிய அயலாரையும் கை வைக்கச் சொல்வதுண்டு. உங்களை அழைத்தால் தயங்காமல் போய்த் தொடுங்கள்.