வாசகர் கேள்வி - பதில்: வீட்டைப் புகழ மேடை ஏறும் பெண்கள்

"பெண்ணுக்கு வீடுதான் அழகு" என்று சொல்லிக்கொண்டு ஊர் ஊராய்ப் போகும் பெண் அரசியல்வாதிகள், தாங்கள் மட்டும் வீட்டில் இருப்பதில்லையே. இது போலித்தனம் இல்லையா?
- வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

முரண்தான். ஆனால் அதைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போனால், அவர்கள் எப்படி ஜெயிக்கிறார்கள் என்பது தெரியாமலே போய்விடும். அமெரிக்காவில் ஆண் பெண் சம உரிமைச் சட்டத் திருத்தத்தை எதிர்த்து இயக்கம் நடத்திய ஃபில்லிஸ் ஷ்லாஃப்லியைப் பாருங்கள். ஆறு பிள்ளைகளின் தாய். அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரசுக்கு 1952, 1970 என இருமுறை நின்று தோற்றவர். ஐம்பதைத் தாண்டிச் சட்டம் படித்து 1978இல் பட்டம் வாங்கியவர்.

அந்தத் திருத்தம் 1972இல் காங்கிரசில் நிறைவேறியது. அது அரசியலமைப்பில் ஏற 38 மாநிலங்களின் ஒப்புதல் தேவை. அடுத்த ஆண்டு முடிவதற்குள் 30 மாநிலங்கள் ஒப்புக்கொண்டுவிட்டன. ஷ்லாஃப்லி போட்ட கணக்கு வேறு: நாட்டையே தன் பக்கம் இழுக்க வேண்டியதில்லை, 13 மாநிலங்கள் அசையாமல் இருந்தால் போதும். இல்லினாய் மாநிலச் சட்டமன்றத்தில் ஐந்தில் மூன்று பங்கு வாக்கு வேண்டும் என்ற விதி இருந்தது அவருக்கு இன்னும் வசதி. மாதாமாதம் செய்திமடல் அனுப்பினார். தொலைக்காட்சியில் எப்படி உடுத்துவது, எப்படிப் பேசுவது என்று இல்லத்தரசிகளுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர்கள் வீட்டில் சுட்ட ரொட்டியோடு சட்டமன்றத்துக்குப் போனார்கள். திருத்தம் 35 மாநிலங்களோடு நின்றது. 1982 ஜூன் 30இல் கெடுவும் முடிந்தது.

அவர் காட்டிய பயங்கள் இரண்டு. மகளைக் கட்டாய ராணுவச் சேவைக்கு இழுப்பார்கள். மனைவியைக் காப்பாற்றும் கடமை கணவனுக்கு இல்லாமல் போகும். இருபது வருஷம் அடுப்படியிலேயே இருந்து, கையில் சம்பளம் பார்க்காத பெண்ணுக்கு இரண்டாவது பயம் நிஜம். அவளிடம் உட்கார்ந்து பேசப் பெண்ணிய இயக்கம் தாமதித்தது. தோல்வியில் பாதி அங்கேதான் என்பது எங்கள் கணிப்பு.

தாட்சர் பெண்ணியவாதியா?
- வாசகர், பட்டர்வொர்த்

இல்லை, அவரே அதை ஏற்கவில்லை. பதினொரு ஆண்டுக்கும் மேல் பிரிட்டனின் பிரதமராக இருந்தவர் அமைச்சரவைக்குள் சேர்த்துக்கொண்ட பெண் ஒரே ஒருவர், பாரோனஸ் யங். அவரும் மேலவைக்காரர்.

நம் நாட்டுப் பெண் எம்.பி.க்கள் பெண்களுக்காக என்ன செய்தார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது?
- வாசகி, ஜார்ஜ்டவுன்

பேட்டியை விடுங்கள், மலேசிய நாடாளுமன்றப் பேச்சுகளின் அதிகாரபூர்வப் பதிவான ஹன்சார்டைத் திறந்து பாருங்கள். நாடாளுமன்ற இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். மலாயில் இருக்கும் என்பதால் 'வனித்தா' (பெண்) என்ற சொல்லையும் எம்.பி.யின் பெயரையும் தேடுங்கள்.

பலர் இடறுவது ஓர் இடத்தில். பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறும். யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார் என்ற பதிவே இருக்காது. பெயர்வாரி வாக்கெடுப்பு வேண்டுமானால் 15 உறுப்பினர்கள் எழுந்து நின்று கேட்க வேண்டும். அரசியலமைப்புத் திருத்தம் மட்டும் விலக்கு: 222 பேரில் குறைந்தது 148 பேர் ஆதரிக்க வேண்டும் என்பதால் தலையை எண்ணியே தீர வேண்டும். வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மார் தம் குடியுரிமையைப் பிள்ளைக்குத் தர வழிசெய்யும் திருத்தம் 2024 அக்டோபரில் மக்களவையில் விவாதிக்கப்பட்டு நிறைவேறியது. தேடலை அந்த மாதத்திலிருந்து தொடங்குங்கள். பாஸ் கட்சி மகளிரோ ஜனநாயக செயல் கட்சி (ஜ.செ.க.) மகளிரோ, யார் பேசினார், யார் வரவே இல்லை என்பது அதில் தெரியும்.